ஜெகா அக்கா பிழையாக வாசித்த கடிதம்

கியூபெக்கின் கோட்-டெ-நேஜ் பகுதியில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், என் வீட்டுக்கு நேர் எதிர்க் கதவு ஜெகதீஸ்வரி அக்காவுடையது. சனிக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து பகல் ஒரு மணி வரைக்கும் அந்தக் கதவு பூட்டியிருக்காது. யாராவது ஒருவர் கடித உறையைக் கையில் பிடித்தபடி வந்து, சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, "அக்கா, இதிலை என்ன சொல்லுறாங்கள்?" என்று கேட்டுக்கொண்டே நேரே சமையலறைக்குள் போவார். வருமானவரி, வாடகை, குடிவரவு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, எதுவானாலும் பிரெஞ்சில் வந்தால் அது வந்து விழும் இடம் ஜெகா அக்காவின் சாப்பாட்டு மேசை. சிலர் உறையைக் கிழிக்காமலே கொண்டுவருவார்கள். தாங்கள் கிழித்தால் உள்ளே இருக்கிற நல்ல செய்தி கெட்ட செய்தியாகிவிடும் என்ற பயமோ என்னவோ.

அக்காவுக்கு அறுபத்தொரு வயது. தொண்ணூறாம் ஆண்டு கணவர் குணரத்தினத்தோடு இங்கே வந்தார். முதலில் ஒரு தையல் தொழிற்சாலை, பிறகு இருபத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரிச் சமையலறை. வந்த புதிதில் அரசாங்கம் நடத்திய பிரெஞ்சு வகுப்புக்கு மற்றவர்கள் உதவிப் பணத்துக்காகப் போக, இவர் மட்டும் படிக்கப் போனார். அவர் செய்த குற்றம் அது ஒன்றுதான். அன்றிலிருந்து ஊரிலுள்ள கடிதமெல்லாம் அவர் தலையில்.

அவர் வாசிக்கும் முறையே தனி. கண்ணாடியை மாட்டி, முழுக் கடிதத்தையும் முதலில் மனதுக்குள் வாசிப்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. பிறகு திகதி, கோப்பு இலக்கம் தொடங்கி ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லுவார். ஆறுதல் சொல்லமாட்டார், ஆலோசனையும் சொல்லமாட்டார். "உள்ளதைத்தான் சொல்லுவன். கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன்" என்பதை நான் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன்.

தொண்ணூற்றெட்டில் எமிலியானுஸ் என்று ஒருவர், அகதி வழக்கை நிராகரித்த கடிதத்தோடு வந்தாராம். அக்கா வாசித்து முடித்ததும், "வேறை மாதிரி வாசிக்க ஏலாதோ தங்கச்சி?" என்று கேட்டாராம். ஏலாது என்றாராம் அக்கா. மனுசன் அங்கேயே இருந்து அழுதுவிட்டு, அடுத்த நாள் வக்கீலைப் பிடித்து, மேன்முறையீடு செய்து, இன்றைக்கு இல்-பிசார் தீவில் சொந்த வீட்டில் இருக்கிறார். "நான் அண்டைக்கு ஆறுதல் சொல்லி அனுப்பியிருந்தா ஆள் இப்ப எங்கை இருந்திருக்கும்?" என்று அக்கா கேட்பார். பதில் எதிர்பார்த்துக் கேட்கும் கேள்வி அல்ல.

நான் வித்தியா. சின்னக் குழந்தைகளைப் பகலில் விட்டுவிட்டுப் போகும் கார்டரி ஒன்றில் வேலை. எனக்கும் பிரெஞ்சு நன்றாக வாசிக்கத் தெரியும். ஆனால் என்னிடம் ஒருவரும் வருவதில்லை. எனக்கு வாய்க் காவல் இல்லை என்று எங்கள் சனம் முடிவுகட்டி வைத்திருக்கிறது. அதில் பொய்யும் இல்லை. ஆகவே சனிக்கிழமைகளில் அக்கா வாசிப்பார், நான் தேத்தண்ணி ஊற்றுவேன்.

இப்போது கூட்டம் குறைந்துவிட்டது. கடிதத்துக்கு மேலே போனைப் பிடித்தால் தமிழில் வந்துவிடுகிறதே. அக்காவுக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. "போன் பிழை விட்டா ஆரிட்டைப் போய்க் கேப்பினம்?" என்பார்.

சென்ற வசந்தத்தில் பெண்கள் நிலையம் ஒன்றிலிருந்து ஒரு மனுவைத் தமிழில் எழுதித் தரும்படி அக்காவிடம் கேட்டார்கள். கருத்தடை மருந்து கியூபெக்கில் எல்லாப் பெண்களுக்கும் இலவசமாகக் கிடைக்கவேண்டும், யாருடைய காப்புறுதியும் இடையில் வரக்கூடாது என்பது மனு. வானொலியில் அப்போது இதே பேச்சுத்தான். ஒட்டாவா, அதாவது மத்திய அரசாங்கம், ஒரு சட்டம் கொண்டுவந்து, சேருகிற மாகாணங்களுக்குப் பணம் தருகிறோம் என்றது. சில மாகாணங்கள் கையெழுத்துப் போட்டன. கியூபெக்கோ, எங்களிடம் ஏற்கெனவே மருந்துத் திட்டம் இருக்கிறது, பணத்தை மட்டும் தாருங்கள் என்றது. இரண்டு பக்கமும் மாறி மாறி அறிக்கை விட்டுக்கொண்டிருந்தார்கள். குளிசையை, அந்த மாத்திரையை, எடுக்கிறவர்களிடம் யாராவது கேட்டார்களா என்று எனக்குத் தெரியாது.

இங்குள்ள சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கணவனின் வேலையிடத்தில் மருந்துக் காப்புறுதி இருந்து, மனைவிக்கு அப்படி ஒரு வேலைக் காப்புறுதி இல்லாவிட்டால் அவள் கணவனுடையதில்தான் சேரவேண்டும். அரசாங்கத் திட்டத்துக்குப் போகமுடியாது. சேர்ந்தபின் அவள் வாங்குகிற மருந்து என்ன, எந்தத் திகதி என்ற விபரம் கணவன் பெயருக்குக் கடிதமாக வரலாம். யாரும் கெட்ட நோக்கத்தோடு அனுப்புவதில்லை. காப்புறுதி அவன் பெயரில் இருக்கிறது, அவ்வளவுதான்.

அக்கா மூன்று நாள் இருந்து அந்த மனுவை எழுதினார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் தமிழ்ச் சங்க மண்டபத்தில் அதை வாசித்தபோது நான் நினைத்ததுபோலவே வெடித்தது. சங்கச் செயலாளர் அருமைராசா முதல் ஆளாக எழும்பினார்.

"சண்டையிலை எத்தினை சனத்தைக் குடுத்திட்டு வந்தனாங்கள். இஞ்சையும் பிள்ளை பெறாதையுங்கோ எண்டு குளிசை குடுக்கப்போகினமாம். அதுக்கு நாங்கள் கையெழுத்து வைக்கிறதோ?"

எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணை, உங்களுக்கு எத்தினை பிள்ளையள்?" என்று கேட்டேன்.

"ரெண்டு."

"சனம் குறைஞ்சுபோச்செண்டா ஏன் ரெண்டோடை நிப்பாட்டினீங்கள்?"

பின்வரிசைப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். அருமைராசாவின் மனைவிதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். "அது வேறை கதை" என்றுவிட்டு அருமைராசா உட்கார்ந்தார். பிறகு யாரோ அக்காவிடம், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார்கள்.

"நான் தமிழிலை எழுதினனான். அவ்வளவுதான் என்ரை வேலை" என்றார் அக்கா. கையெழுத்தும் வைக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் நான் பேருந்தில் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவ்வளவு கோபம் எனக்கு.

அடுத்த சனிக்கிழமை பத்து மணி போல ரதீசன் தன் தாயைக் கூட்டிக்கொண்டு வந்தான். முப்பத்துமூன்று வயது, விமான உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை, லவாலில் வீடு. பிரெஞ்சு பேசுவான், ஆனால் அது தொழிற்சாலையில் காதால் கேட்டுப் பிடித்த பிரெஞ்சு. வாசிக்க வராது. கலியாணம் கட்டி இரண்டு வருடம். மனைவி வினோஜாவைக் கிளிநொச்சியிலிருந்து பொறுப்பேற்று வரவழைத்தவன்.

பேசத் தொடங்கியது தாய்தான். "ஜெகா, இதொருக்கால் பார் பிள்ளை. ரதீசனுக்கு வந்த கடிதம். உள்ளுக்கை மருமேளின்ரை பேர் மூண்டு இடத்திலை கிடக்கு. அவளுக்கு ஏதும் வருத்தமோ? கேட்டா ஒண்டுமில்லை எண்டுறாள். எனக்கு ரெண்டு நாளா நித்திரையில்லை."

அது நடிப்பு இல்லை. அந்த மனுசி உண்மையாகவே பயந்திருந்தார். ரதீசன் நாற்காலியின் நுனியில் இருந்து அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்கா கண்ணாடியை மாட்டினார். நான் தேத்தண்ணிக் கோப்பையை வைக்கும் சாட்டில் அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். காப்புறுதி நிறுவனத்தின் விபரத்தாள். வினோஜா, மனைவி. மூன்று திகதிகள். மூன்றுக்கும் நேரே ஒரே மருந்து, அதற்குப் பக்கத்தில் பிரெஞ்சில் தெளிவாக, வாய்வழிக் கருத்தடை மாத்திரை.

வாய்க் காவல் இல்லாத நானே வாயை இறுக்கிக்கொண்டேன். அக்கா வழக்கத்தைவிட நீண்ட நேரம் அந்தத் தாளைப் பார்த்தார். பிறகு திகதியும் சொல்லவில்லை, கோப்பு இலக்கமும் சொல்லவில்லை.

"இரும்புச்சத்துக் குளிசை" என்றார். "ரத்தம் கொஞ்சம் குறைவாக்கும். பயப்பட ஒண்டுமில்லை."

ரதீசன் பெருமூச்சு விட்டான். பிறகு சிரித்தான். தட்டிலிருந்த பிஸ்கற்றில் மூன்றை ஒன்றாக எடுத்துத் தின்றான். தாய் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டுவிட்டு, "முருங்கையிலையும் ஈரலும் குடுத்தா ஒரு மாதத்திலை சரிவரும்" என்று கணக்குப் போட்டபடியே எழும்பினார்.

கதவு சாத்தியதும் நான் அக்காவைப் பிடித்தேன்.

"என்னக்கா செய்தனீங்கள்?"

அவர் கழுவிக் கவிழ்த்திருந்த கோப்பைகளை எடுத்து மறுபடியும் கழுவத் தொடங்கினார். "தெரியேல்லை பிள்ளை. வாயிலை வந்திட்டுது."

"முப்பது வருசமா வராதது இண்டைக்கு எப்பிடி வந்தது?"

கையைத் துடைக்காமலே நாற்காலியில் உட்கார்ந்தார். தொண்ணூற்றுநான்கில் அவருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். பகல் தையல், பின்னேரம் வகுப்பு. மூன்றாவது பிள்ளையும் வந்தால் செத்துவிடுவேன் என்று ஒரு டாக்குத்தரிடம் போய்க் குளிசை எடுத்தாராம். அந்த ஆண்டுதான் மாமியார் வந்து சேர்ந்திருந்தார். குளிசைப் பெட்டி குளிர்ப்பெட்டிக்கு மேலே, எல்லார் கண்ணுக்கும் முன்னால் நான்கு வருடம் இருந்தது. பெட்டியில் எல்லாம் பிரெஞ்சு. வீட்டில் வாசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். "இரும்புச்சத்து எண்டு மாமிக்குச் சொன்னனான். அந்த நேரம் பிரெஞ்சு எனக்கு ஒரு பூட்டுப்போட்ட அலுமாரி மாதிரி இருந்தது. பேந்து எல்லாற்றை அலுமாரியையும் நான்தானே திறந்துகொண்டு திரியிறன்."

முன்னறையில் ஹொக்கி பார்த்துக்கொண்டிருந்த குணரத்தினம் அண்ணை தலையைத் திருப்பாமலே குரல் கொடுத்தார். "நாலு வருசம் இரும்பு சாப்பிட்டவள் இந்நேரம் ஒரு பாலமாய் நிக்கவேணும். எனக்கு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சா ஏன் கேக்கேல்லை?" என்று அக்கா கத்தினார்.

"நீ சொல்லேல்லை. நான் கேக்கேல்லை" என்றார் அவர். எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவுக்கு வரவில்லை. முப்பத்தொரு வருடம் மறைத்த ஒன்று மறைந்தே இருக்கவில்லை என்று கேட்டால் யாருக்குத்தான் சிரிப்பு வரும்?

அந்தக் கிழமை அக்கா ஒரு இடத்தில் இருக்கவில்லை. ஞாயிறு கோயிலுக்கு என்று வெளிக்கிட்டு மெட்ரோ நிலையம் வரை போய்த் திரும்பி வந்தார். திங்கள் என் கதவைத் தட்டி, சீனி இருக்கிறதா என்று கேட்டார், கொடுத்தேன், அரை மணி கழித்து மறுபடி வந்து அதையே கேட்டார். செவ்வாய், கீழ்மாடிப் பேரின்பநாதனின் வாடகைக் கடிதத்தை வாசித்துச் சொல்லிவிட்டு, அவர் படியிறங்கிப் போனபின் பின்னால் ஓடி, "ஒருக்கால் தாங்கோ, திரும்பப் பாப்பம்" என்று வாங்கி இன்னொரு முறை வாசித்தார். எல்லாம் சரியாகத்தான் சொல்லியிருந்தார். ஆனால் தான் சொன்னது சரியா என்று அவருக்கே நிச்சயமில்லை. இப்படி அவரை நான் பார்த்ததில்லை, பார்க்கவும் பிடிக்கவில்லை.

வினோஜாவோடு கதைக்கவேண்டும் என்றார். அவளுடைய இலக்கம் எங்களிடம் இல்லை. எங்கள் குடும்பங்களில் வீட்டுக்கு ஒரு போன் இலக்கம்தானே வெளியில் கொடுப்போம், அது ரதீசனுடையது. புதன்கிழமை அதிலிருந்து அழைப்பும் வந்தது. தாய்தான். ஈரல் வாங்கியாயிற்று, பேரீச்சம்பழம் வாங்கியாயிற்று, மருமகள் வேண்டாம் வேண்டாம் என்கிறாள், ஜெகா சொன்னதென்று சொல்லித்தான் வாயில் தீத்துகிறேன் என்று ஒரே சந்தோசம். "உன்ரை வாய் முகூர்த்தம், ரத்தம் ஊறினா அடுத்த வருசம் எனக்கொரு பேரப்பிள்ளை" என்றாராம். அக்கா போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போனவர், நெடுநேரம் வரவில்லை.

வியாழன் பின்னேரம் நான் வேலையால் வந்தபோது, அக்காவின் கதவுக்கு முன்னால் ஒரு பெண் முதுகுப்பையோடு நின்றாள். மணியை அழுத்தப் போவதும் கையை எடுப்பதுமாக இருந்தாள். வினோஜா. இருபத்தேழு வயது. லவாலிலிருந்து மெட்ரோவில் இந்தப் பக்கம் பிரெஞ்சு வகுப்புக்கு வருகிறவள். நான்தான் கதவைத் திறந்து அவளை உள்ளே கூட்டிப்போனேன்.

அவள் உட்காரவில்லை. பையையும் இறக்கவில்லை.

"அன்ரி, எனக்கு உதவி செய்யிறன் எண்டு நினைச்சோ அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"உன்னைக் காப்பாத்தத்தான்…" என்று அக்கா தொடங்கினார்.

"ஆர் கேட்டது?" அவள் குரல் உயரவில்லை. "குளிசை எடுக்கிறது என்ரை முடிவு. வகுப்பு முடியவேணும், பேந்து முதியோர் பராமரிப்பு ஒரு வருசம் படிக்கவேணும், வேலை எடுக்கவேணும். அதுக்குப் பிறகு பிள்ளை. அவரிட்டைச் சொல்லத்தான் ஒவ்வொரு நாளும் வாயெடுத்தனான். பயத்திலை சொல்லேல்லை. கடிதம் வந்தோடனை, சரி, இனி ஒளிக்க ஏலாது, சொல்லத்தான் வேணும் எண்டு மனதைத் திடப்படுத்திக்கொண்டு இருந்தன். நீங்கள் இரும்பெண்டு சொல்லிப்போட்டியள்."

அக்கா மேசை விரிப்பை நீவிக்கொண்டே இருந்தார்.

"இப்ப நான் உண்மையைச் சொன்னா நீங்கள் பொய்க்காரி. உங்கடை பொய்யை வைச்சிருந்தா நான் பொய்க்காரி. ஊரிலை மிட்வைஃப் வீட்டு வாசல்லை நிண்டு மாமிமாருக்குக் கேக்கத்தக்கதா, குளிசை ஒழுங்கா எடுக்கிறியோ எண்டு கேப்பா. அந்த வெக்கம் இஞ்சை இல்லையெண்டு வந்தனான். இஞ்சை கடிதம் போடுறாங்கள். அதையும் எனக்குத் தராமல் எல்லாரும் கொண்டுவந்து உங்களிட்டைத் தாறினம். என்ரை குளிசையைப் பற்றி எல்லாரும் கதைச்சாச்சு, என்னைத் தவிர."

எனக்கு அருமைராசாவின் மண்டபக் கூட்டம் நினைவுக்கு வந்தது. அங்கேயும் அப்படித்தான். நானும் பெரிய பகிடி விட்டுச் சிரிப்பு வாங்கினேனே தவிர, அவளைப் போன்ற ஒருத்தியைக் கூட்டிப்போய் இருத்தவில்லை. வெட்கமாக இருந்தது.

மேசையின் ஓரத்தில் மனுவின் தமிழ்ப் பிரதி கிடந்தது. வினோஜாவின் கண் அதில் விழுந்தது. எடுத்து வாசித்தாள். ஒரு வரியில் நின்றாள். "'ஒரு பெண் தன் உடலைப் பற்றி எடுத்த முடிவு, வேறொருவர் பெயருக்கு வரும் கடிதத்தில் அச்சாகக் கூடாது.' ஆர் இதை எழுதினது?"

"பிரெஞ்சிலை இருந்தது. நான் தமிழாக்கினனான்."

"உங்கடை கையெழுத்து எங்கை?"

வினோஜா பையிலிருந்து பேனையை எடுத்து, நின்றபடியே கையெழுத்து வைத்தாள். முகவரியையும் எழுதினாள். பிறகு அக்காவைப் பார்த்து, "சனிக்கிழமை வீட்டை வாங்கோ. அந்தக் கடிதத்தைத் திரும்ப வாசியுங்கோ. உள்ளபடி. அவர் நீங்கள் சொன்னதைத்தான் நம்புறார், நான் சொன்னா உங்களுக்குத்தான் பிழை வரும் எண்டு என்னாலை சொல்ல ஏலாமல் கிடக்கு" என்றாள்.

"வடிவா யோசிச்சியோ பிள்ளை? மாமி இருப்பா."

"இருக்கட்டும். பயமாத்தான் கிடக்கு. ஆனா ஈரலுக்கும் ஒரு அளவிருக்கு அன்ரி."

அவள் போனபின் அக்கா என்னிடம் கேட்டது ஒன்றுதான். "என்ரை பேர் கெட்டுப்போகும், என்ன?" ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல? கூட்டவும் குறைக்கவும் கூடாதென்று அவரிடமிருந்துதானே கற்றேன்.

சனிக்கிழமை காலை அந்தக் கதவில் 'இன்று இல்லை' என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதற்கு முன் எனக்குத் தெரிந்து அப்படி ஒட்டியது அவர் மகனின் கலியாணத்துக்கு மட்டும்தான். சமையலறை மேசையில் மனு கிடந்தது. வினோஜாவின் பெயருக்குக் கீழே ஜெகதீஸ்வரி குணரத்தினம் என்று எழுதியிருந்தது.

குணரத்தினம் அண்ணையின் பழைய காரை நான் ஓட்டினேன். வழி முழுக்க அக்கா ஜன்னலை இறக்குவதும் ஏற்றுவதுமாக இருந்தார். லவால் பாலத்தில் வாகன நெரிசல். "திரும்பிப் போவமோ?" என்று கேட்டார். பாலத்துக்கு நடுவில் எப்படித் திருப்புவது என்று நான் சீறினேன்.

ரதீசனின் வீட்டில் எங்களுக்குப் பெரிய வரவேற்பு. தாய் பேரீச்சம்பழத் தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். ரதீசன் தொலைக்காட்சியை நிறுத்தினான். வினோஜா சோபாவின் மற்ற நுனியில், மடியில் இரண்டு கையையும் கோத்தபடி இருந்தாள். தேத்தண்ணி வரும்வரை அக்கா பொறுக்கவில்லை.

"தம்பி, அண்டைக்குக் கொண்டுவந்த கடிதத்தை எடுங்கோ."

அவன் மேசை லாச்சியிலிருந்து எடுத்து வந்தான். அக்கா கண்ணாடியை மாட்டினார். இந்தமுறை மனதுக்குள் வாசிக்கவில்லை. திகதி சொன்னார். கோப்பு இலக்கம் சொன்னார். காப்புறுதி எடுத்தவர் ரதீசன் என்றார். பிறகு, "வினோஜா, மனைவி. மூண்டு தரம் வாங்கின மருந்து. வாய்வழிக் கருத்தடைக் குளிசை" என்றார். "போன கிழமை நான் இதைப் பிழையா வாசிச்சனான். தெரியாமல் இல்லை. தெரிஞ்சுதான்."

தாய்க்கு முதலில் விளங்கவில்லை. "அப்ப இரும்பு?"

"இதிலை இரும்பெண்டு ஒரு இடத்திலையும் இல்லை."

தாய் தட்டைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். நான் ரதீசன் கத்துவான் என்று எதிர்பார்த்து, எழும்பத் தயாராக இருந்தேன். அவன் கத்தவில்லை. அக்காவைத்தான் பார்த்தான்.

"அப்ப போன் சரியாத்தான் சொன்னது" என்றான்.

"என்ன தம்பி?"

"கடிதம் வந்த அண்டைக்கே போனாலை பிடிச்சுப் பாத்தனான் அன்ரி. கருத்தடை எண்டுதான் வந்தது. நம்ப ஏலாமல் கிடந்தது. போன் பிழை விட்டிருக்கும், ஜெகா அன்ரி சொன்னாத்தான் சரி எண்டு நினைச்சுத்தான் உங்களிட்டை வந்தனான். நீங்கள் இரும்பெண்டு சொன்னோடனை, காருக்குள்ளை இருந்தே அந்த ட்ரான்ஸ்லேட்டரைப் போனிலையிருந்து அழிச்சுப்போட்டன்."

அக்காவின் முகம் இறங்கிப் போயிற்று. திட்டு வாங்க வந்தவருக்கு அதைத் தாங்கியிருக்க முடியும். இதைத் தாங்க முடியவில்லை. முப்பது வருடம் அவர் சேர்த்தது இந்த ஒரு நம்பிக்கையைத்தான், அது இவ்வளவு பெரிதென்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. அவர் மன்னிப்புக் கேட்க முயன்றார் என்று நினைக்கிறேன்.

"கீழை இன்னும் ரெண்டு வரி கிடக்கு" என்றான் ரதீசன், தாளைக் காட்டி. "அதையும் வாசியுங்கோ. இந்த முறை உள்ளதைச் சொல்லுங்கோ."

அக்கா தாளைத் தூக்கினார். கண்ணாடிக்குள் கண் நிறைந்து எழுத்துத் தெரியவில்லை போலும், இரண்டு முறை தொடங்கி நிறுத்தினார்.

வினோஜா எழும்பி வந்தாள். "தாங்கோ அன்ரி. மிச்சத்தை நான் வாசிக்கிறன்."

தாளை வாங்கிக்கொண்டு, நடுக் கூடத்தில் நின்று, பிரெஞ்சில் வாசித்தாள். சொற்களில் தடுக்கினாள். ஒரு சொல்லுக்குத் திரும்பிப் போய் மறுபடி தொடங்கினாள். வகுப்பில் வாசிக்கச் சொன்னால் எப்படி வாசிப்பாளோ அப்படி. பிறகு கணவனைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்.

"'இதைப் பற்றிக் கேள்வி இருந்தால், காப்புறுதி எடுத்தவர் கீழே உள்ள இலக்கத்துக்கு அழைக்கலாம்.' அதுதான் கிடக்கு." தாளை நாலாக மடித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "அந்த நம்பருக்கு எடுக்காதையுங்கோ. என்னட்டைக் கேளுங்கோ."

ரதீசன் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். கேள்வி கேட்க வாயெடுத்தான். ஜெகா அக்கா கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு எழும்பினார், என்னையும் கையில் பிடித்து எழுப்பினார். அது நாங்கள் கேட்கவேண்டியது அல்ல.